இரண்டு சுற்று

சென்ற தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சென்னைத் துறைமுகத்துக்குள், தண்ணீரைப் பார்த்த ஒரு சிமெண்டுத் திட்டில் உட்கார்ந்திருந்தேன். எனக்கும் கடலுக்கும் உள்ள உறவு மெரினா மணலில் சுண்டல் வாங்கித் தின்பதோடு முடிந்துவிடுகிற உறவு. என் தம்பி மகன்தான் வற்புறுத்தி அழைத்துப் போனான். அவனுடைய பிள்ளைக்குப் பன்னிரண்டு வயது. இரண்டு வருஷமாகப் பாய்மரப் படகு விடக் கற்றுக்கொள்கிறான். அன்றைக்குச் சிறுவர் சிறுமியருக்கான போட்டி. "வாங்க பெரியப்பா, உங்களுக்குக் கதை எழுத ஏதாவது கிடைக்கும்" என்று ஆசை காட்டினான். கதைக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. ஆனால் அன்று பார்த்த ஒரு சின்னக் காரியம் மனத்தைவிட்டு அகலாமல் அரித்துக்கொண்டிருக்கிறது.

முதலில் அந்தப் படகைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். எங்கள் ஊரில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிற தொட்டி ஒன்று இருந்தது. அதன் நடுவில் ஒரு கழியை நட்டு, பாயைக் கட்டிவிட்டால் எப்படி இருக்குமோ அப்படி இருக்கிறது. மற்றப் படகுகளைப் போல மூக்கு கூராக இல்லை. கத்தியால் நறுக்கிவிட்டாற்போல் சப்பையாக இருக்கிறது. நீளம் ஏழரை அடிக்குச் சற்று அதிகம். வெறும் படகின் எடை 35 கிலோ. ஒரே ஒரு பிள்ளைதான் ஏறலாம். சுக்கான் பிடிப்பது, பாய்க்கயிறு இழுப்பது, உள்ளே புகுந்த தண்ணீரை இறைப்பது எல்லாம் அந்த ஒரே பிள்ளைதான். பெயர் ஆப்டிமிஸ்ட். நன்னம்பிக்கைக்காரன் என்று பொருள் பண்ணிக்கொண்டு நான் ஏதோ தத்துவம் என்று நினைத்தேன். விஷயம் அதுவல்ல. 1947இல் அமெரிக்காவில், புளோரிடாவைச் சேர்ந்த கிளியர்வாட்டர் என்ற ஊரில், அந்தப் பெயருள்ள ஒரு சங்கத்தாருக்காகக் கிளார்க் மில்ஸ் என்ற படகுத் தச்சர் செய்துகொடுத்தது இது. அந்த நாட்டில் பிள்ளைகள் பெட்டியில் சக்கரம் பூட்டிச் சரிவில் உருட்டிப் பந்தயம் விடுவதுண்டு. தண்ணீரிலும் அப்படி ஒன்று வேண்டும், அப்பனும் பிள்ளையும் கொல்லைப்புறத்திலேயே கட்டிக்கொள்ளும்படி மலிவாக இருக்க வேண்டும் என்று மேஜர் கிளிஃபர்ட் மெக்கே என்பவர் கேட்டாராம். கடையில் விற்கிற ஒட்டுப்பலகையின் நீளம் எட்டு அடி. அதற்குள் கூர் மூக்குக்கு இடமில்லை. அதனால்தான் நறுக்கிய மூக்கு.

பணமில்லாதவன் பிள்ளைக்காகப் பிறந்த படகு. இப்போது கண்ணாடியிழையில் வருகிறது. நம் ஊரில் பெரும்பாலும் வசதியுள்ளவர்கள் வீட்டுப் பிள்ளைகளே அதில் ஏறுகிறார்கள். ஹைதராபாத்தில் உசேன் சாகர் ஏரியில் ஏழை வீட்டுப் பிள்ளைகளையும் சேர்த்துப் பழக்கி, பரிசு வாங்குகிற அளவுக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள் என்பது ஓர் ஆறுதல். துறைமுகத்துக்கு வடக்கே கொஞ்ச தூரத்தில் காசிமேடு. அங்கே கடலோடு பிறந்து வளர்கிற பிள்ளைகள் எத்தனையோ பேர். இந்தப் பக்கம் வண்ணப் பாய்களை அவர்கள் பார்த்திருப்பார்களோ என்னவோ. அந்தக் குறை என் கண்ணில் உறுத்திக்கொண்டுதான் இருந்தது. ஆனால் நான் பேச வந்தது வேறு.

போட்டிக்கு முன்னால் பிள்ளைகளை வரிசையாக நிறுத்திச் சோதனை போட்டார்கள். மிதவைச் சட்டை போட்டிருக்கிறதா, அதில் விசில் தொங்குகிறதா, தண்ணீர் இறைக்கிற குவளை படகோடு கட்டியிருக்கிறதா, கவிழ்ந்தால் இழுத்துவர முன்னால் 8 மீட்டர் மிதக்கும் கயிறு இருக்கிறதா என்றெல்லாம் பார்த்தார்கள். கல்யாண வீட்டில்கூட இத்தனை ஒழுங்கை நான் கண்டதில்லை. கடலுக்குள் போகிற ஒவ்வொரு பிள்ளையும் ஒரு பலகையில் தன் எண்ணுக்கு நேரே குறி போட வேண்டும். திரும்பி வந்ததும் மறுபடி குறி போட வேண்டும். சாயங்காலம் குறி குறைந்தால் பிள்ளை குறைகிறது என்று அர்த்தம். புறப்படுவதற்கு ஐந்து நிமிஷம் முன்னால் ஒரு கொடியும் ஓர் ஊதலும். நான்கு நிமிஷம் இருக்கும்போது இன்னொரு கொடி. ஒரு நிமிஷம் இருக்கும்போது அது இறங்கும். முதல் கொடி இறங்கினால் ஓட்டம். முந்திக் கோட்டைத் தாண்டியவன் திரும்பி வந்து முறையாகத் தாண்ட வேண்டும்.

பெற்றோருக்கும் விதி உண்டு. ஓட்டம் நடக்கும்போது அந்தப் பக்கம் தலைகாட்டக் கூடாது. சொல்லிக்கொடுக்கிறவர்கூட எட்டத்தில்தான் தம் படகை நிறுத்த வேண்டும். 2017 முதல் இன்னொன்றும் சேர்த்திருக்கிறார்கள்: அப்பாவோ அம்மாவோ வாத்தியாரோ விதியை மீறினால், சில சமயம் பிள்ளையின் படகுக்கே தண்டனை விழும். இதைக் கேட்டதும் என் தம்பி மகன் பைனாகுலரை எடுத்துக்கொண்டு மிகவும் சாதுவாக என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

இனித்தான் விஷயம். முப்பது நாற்பது படகுகள் ஒன்றை ஒன்று உரசிக்கொண்டு ஒரு மிதவையைச் சுற்றப் பாய்கின்றன. யார் யாருக்கு வழிவிட வேண்டும் என்பதற்குத் தெளிவான விதிகள் உண்டு. காற்றை வலப்புறத்திலிருந்து வாங்குகிற படகுக்கு, இடப்புறத்திலிருந்து வாங்குகிற படகு வழிவிட வேண்டும். இரண்டும் ஒரே பக்கம் வாங்கினால், காற்றுக்கு மேலே இருப்பது கீழே இருப்பதற்கு ஒதுங்க வேண்டும். பின்னால் வருகிறவன் முன்னால் போகிறவன்மேல் ஏறக் கூடாது. சரி, மீறினால்? கால்பந்து ஆட்டத்தில் விசில் ஊதுகிற மாதிரி இங்கே ஒவ்வொரு மூலையிலும் ஆள் இல்லை. ரப்பர்ப் படகில் சில நடுவர்கள் சுற்றி வருகிறார்கள். அவர்கள் முக்கியமாகக் கவனிப்பது, பிள்ளைகள் உடம்பை ஆட்டி ஆட்டிப் படகைக் காற்றில்லாமல் தள்ளுகிறார்களா என்பதை. மோதலுக்கும் உரசலுக்கும் பெரும்பாலும் பிள்ளைகளே சாட்சி, பிள்ளைகளே போலீஸ். பாதிக்கப்பட்டவன் உடனே "புரொட்டெஸ்ட்" என்று கத்தலாம், கரைக்கு வந்து எழுதிக் கொடுக்கலாம், விசாரணை நடக்கும். இது இரண்டாவது வழி. முதல் வழி ஒன்று உண்டு. விதிப் புத்தகத்தின் வாசலிலேயே, எண் போட்ட விதிகளுக்கு முன்னால், அதை எழுதி வைத்திருக்கிறார்கள். தவறு செய்தவன், யாரும் சொல்லாமலே, தானே உடனே அதற்குரிய தண்டனையை எடுத்துக்கொள்ள வேண்டும். மிதவையைத் தொட்டுவிட்டால் ஒரு சுற்று. இன்னொரு படகுக்கு வழிவிடத் தவறினால் இரண்டு சுற்று. கூட்டத்தைவிட்டு விலகிப் போய், இருந்த இடத்திலேயே ஒரே திசையில் இரண்டு முழு வட்டம் அடித்துவிட்டு, மறுபடி ஓட்டத்தில் சேர்ந்துகொள்ளலாம்.

இரண்டாவது ஓட்டத்தில் எங்கள் பையன் ஐந்தாவதாகவோ ஆறாவதாகவோ வந்துகொண்டிருந்தான். தகப்பன் பைனாகுலரிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. திடீரென்று, "ஐயையோ, என்ன பண்றான் இவன்?" என்று எழுந்துவிட்டான். வெறுங்கண்ணுக்கே தெரிந்தது. கூட்டத்திலிருந்து பிரிந்து ஒரு சின்னப் பாய் தனியாகச் சுற்றிற்று. ஒரு தடவை; மறுபடி ஒரு தடவை. அதற்குள் பாய்கள் ஒன்றன்பின் ஒன்றாக அவனைத் தாண்டிப் போய்விட்டன. பதினொரு படகு என்று தகப்பன் எண்ணினான்.

கரைக்கு வந்ததும் முதல் கேள்வி அதுதான். பையன் நனைந்த கோழி மாதிரி நின்றுகொண்டு சொன்னான்: அவன் படகின் சப்பை மூக்கு, முன்னால் போன பெண்ணின் படகைப் பின்னால் லேசாக இடித்துவிட்டது. அவள் குனிந்து தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அவளே பார்க்கல. அப்புறம் எதுக்குடா சுத்தின?"

நான் காதைத் தீட்டிக்கொண்டேன். தர்மம், சத்தியம் என்று ஏதாவது சொல்லுவான், எழுதிக்கொள்ளலாம் என்று எனக்கு ஆசை. பையன் அப்படி ஒன்றும் சொல்லவில்லை.

"சுத்திட்டா முடிஞ்சிடும்பா. இல்லேன்னா கரைக்கு வர்ற வரைக்கும் அதே நெனப்பா இருக்கும். காத்தப் பார்க்க முடியாது."

சொல்லிவிட்டு, தாத்தா கொண்டுவந்த பையில் இட்லி இருக்கிறதா என்று கேட்டான்.

தானே தனக்குத் தண்டனை கொடுத்துக்கொள்வது நமக்குப் புதிய செய்தி அல்ல. பொற்கைப் பாண்டியன் கதையைப் பள்ளிக்கூடத்திலேயே படித்திருக்கிறோம். நகர்வலம் வந்த அரசன், கீரந்தை வீட்டுக் கதவைத் தட்டினான். உள்ளே இருந்தது அந்தப் பெண்ணின் கணவனே என்று தெரிந்தது. அவள்மேல் சந்தேகம் விழாதிருக்கத் தெருவில் எல்லாக் கதவையும் தட்டிவிட்டுப் போனான். மறுநாள் சபையில், தட்டியவனுக்கு என்ன தண்டனை என்று கேட்டான். கையை வெட்ட வேண்டும் என்றார்கள். வெட்டிக்கொண்டான். யாரும் பார்க்கவில்லை, யாரும் குற்றம் சாட்டவில்லை. அந்தக் கதையைச் சொல்லும்போது எங்கள் தமிழ் வாத்தியாரின் குரல் தழுதழுக்கும். எங்களுக்கும் மயிர்க்கூச்செறியும். ஆனால் நாற்பது பிள்ளைகளில் ஒருத்தனாவது அதற்கப்புறம் தன் தப்பைத் தானாகப் போய்ச் சொன்னானா? சொல்லவில்லை. கை போய்விடுமே! நேர்மைக்கு விலை ஒரு கை என்று ஆனபிறகு, அது பாண்டியனுக்குத்தான் கட்டும். மற்றவர்கள் கைதட்டிவிட்டுக் கையைச் சட்டைக்குள் இழுத்துக்கொள்வார்கள்.

படகு விடுகிறவர்களுக்கும் ஒரு காலத்தில் இப்படித்தான் இருந்தது. தவறு செய்தால் ஓட்டத்தைவிட்டே விலக வேண்டும். வேறு வழி இல்லை. ஒரு சின்ன உரசலுக்கு ஒரு முழு ஓட்டம். அந்த நிலையில் எத்தனை பேருக்கு ஞாபகமறதி வந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பிறகுதான் சுற்று விதி வந்தது. மனிதனை நல்லவனாக்கிவிட்டு அப்புறம் விதி எழுதலாம் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. சாமானியன் கொடுக்கக்கூடிய விலைக்கு நேர்மையை இறக்கிவிட்டார்கள். ஒழுக்கத்தை மலிவாக்குவது என்றால் நமக்குக் கோபம் வரும். எனக்கும் முதலில் வந்தது. யோசிக்க யோசிக்க, அது பெரிய கருணை என்று தோன்றுகிறது.

எங்கள் வீட்டில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். 1958இல் எங்கள் ஊருக்கு மின்சாரம் வரவில்லை. எனக்கு எட்டு வயது. சாம்பல் போட்டுத் துடைக்கும்போது லாந்தர் விளக்கின் சிம்னி என் கையிலிருந்து நழுவி உடைந்துவிட்டது. நான் போய் அப்பாவிடம் சொன்னேன். நான்தான் சொன்னேன் என்பதை அழுத்திச் சொல்கிறேன், யாரும் பார்க்கவில்லை. விழுந்த அடி அவ்வளவு பெரிதல்ல. மறந்துவிடலாம். ஆனால் அன்று முதல் அந்த வீட்டில் எது உடைந்தாலும் என் கணக்கு. ஊறுகாய் ஜாடி மூடி காணவில்லையா? "அவன்தானே, சிம்னியையே உடைச்சவன்." மூன்று மாசம் கழித்து இன்னொரு சிம்னி உடைந்தது. அதை உடைத்தவன் என் தம்பி, இந்தப் பையனின் சொந்தத் தாத்தா. அவன் வாயைத் திறக்கவில்லை. நான் இல்லை என்றதை ஒருவரும் நம்பவில்லை. தம்பி உண்மையை ஒப்புக்கொண்டது 2008இல், தன் மகன் கல்யாணத்தில், பந்தியில் பாயசம் ஊற்றும்போது! எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆனால் எட்டு வயதில் நான் கற்றுக்கொண்ட பாடம் சிரிப்புக்குரியதல்ல. சொன்னவன் மாட்டிக்கொள்வான், சொல்லாதவன் பாயசம் சாப்பிடுவான் என்பதே அந்தப் பாடம். அதற்கப்புறம் பல வருஷங்கள் நான் சரளமாகப் பொய் சொன்னேன். கதை எழுத வந்தது அந்தப் பழக்கத்தில்தானோ என்னவோ.

அடித்தது தப்பு என்று நான் சொல்லவில்லை. அந்தத் தண்டனைக்கு அளவும் இல்லை, முடிவும் இல்லை என்பதுதான் என் குறை. சுற்றில் அப்படி இல்லை. இரண்டு என்றால் இரண்டு. மூன்றாவது சுற்றை யாரும் கேட்க முடியாது. சுற்றி முடித்த படகின்மேல் அதே தவறுக்காக மறுபடி ஒரு தண்டனை போட முடியாது. இன்னொன்றையும் கவனித்தேன். அந்த விதிப் புத்தகம் எங்கும் "போட்டியாளன் இடித்தான்" என்று பேசுவதில்லை. படகு வழிவிடத் தவறினால், படகு சுற்ற வேண்டும், படகு விலக வேண்டும் என்றே போகிறது. பிள்ளையைக் குற்றவாளி என்று சொல்லாமல் படகைச் சொல்லிவிட்டார்கள். சட்ட மொழியின் வழக்கமாக இருக்கலாம். எனக்கு இதமாக இருந்தது. நாம் பேசுவதைப் பாருங்கள். டம்ளர் கீழே விழுந்தால் டம்ளர் விழுந்தது என்று விடுகிறோமா? "நீ எப்பவுமே இப்படித்தான்" என்கிறோம். ஒரு டம்ளருக்கு ஒரு ஆயுசு.

இதற்கு ஆட்சேபம் உண்டு. திட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு தாயார், வக்கீல்போலத் தோன்றினார், சொன்னார்: "இது தண்டனை இல்லைங்க, கட்டணம். கெட்டிக்காரப் பையன் கணக்குப் போடுவான். இடிச்சா ஏழு இடம் முன்னால போகலாம், சுத்தினா மூணு இடம்தான் போகும்னா, இடிச்சிட்டுச் சுத்துவான்." சரியான கேள்வி. கோவிலுக்குப் படி கட்டிவிட்டு ஊரை ஏமாற்றுகிறவர்கள் ஞாபகம் எனக்கு வந்தது. ஆனால் விதி எழுதினவர்கள் இதையும் யோசித்திருக்கிறார்கள். தவறினால் பெரிய லாபம் அடைந்து, சுற்றின பிறகும் அந்த லாபம் மிஞ்சுமானால், அல்லது யாருக்காவது காயமோ பெரிய சேதமோ உண்டாக்கியிருந்தால், சுற்று போதாது. ஓட்டத்தைவிட்டு விலகியே ஆக வேண்டும். லாபம் பெரிதா சிறிதா என்பதை அந்தக் கணத்தில் நிதானிக்க வேண்டியவனும் அந்தப் பிள்ளையேதான். கடைசியில் அவன் நெஞ்சுக்குள்ளேயே கொண்டுபோய் விட்டுவிடுகிறார்கள். எத்தனை விதி எழுதினாலும் அந்த வாசலைத் தாண்டி அவை போக முடியாது.

எல்லாப் பிள்ளைகளும் சுற்றினார்கள் என்று நான் கதை அளக்கவில்லை. அன்று மாலை ஒரு புரொட்டெஸ்ட் விசாரணை நடந்தது. பெரியவர்கள் மூன்று பேர் மேஜைக்குப் பின்னால். முன்னால் ஒரு பையனும் ஒரு பெண்ணும், கையில் பொம்மைப் படகுகள். யார் எங்கே இருந்தார்கள் என்று அவற்றை நகர்த்தி நகர்த்திக் காட்ட வேண்டும். கதவுக்கு வெளியே நாங்கள் உட்கார்ந்திருந்தோம். வெளியே வந்த பையனின் முகம் செத்திருந்தது. அந்த ஓட்டத்தில் அவனுக்கு இடமே இல்லை என்று ஆகிவிட்டது. அவன் பொய் சொன்னானா, அல்லது தான் செய்ததே சரி என்று நம்பினானா, அதை நான் எப்படிச் சொல்ல முடியும்? பாய் மறைக்கிறது, அலை ஆட்டுகிறது; பன்னிரண்டு வயதில் நியாயம் என்னவோ எப்போதும் நம் பக்கம்தான் இருக்கிறது. எழுபது வயதிலும் அப்படித்தான்.

கணக்குப் போடுகிற முறையில் ஒரு நுட்பம் இருக்கிறது. முதலாவது வந்தால் ஒரு புள்ளி, இரண்டாவது வந்தால் இரண்டு. கடைசியில் யாருக்குக் குறைவோ அவனுக்குப் பரிசு. வழக்கமாக ஒவ்வொருவருக்கும் அவனுடைய மிக மோசமான ஓட்டம் ஒன்றைக் கணக்கிலிருந்து தள்ளிவிடுகிறார்கள். அது நடக்காததுபோலவே! கவிழ்ந்த நாளோ, கயிறு அறுந்த நாளோ, சுற்றிப் பின்தங்கிய நாளோ, ஒன்றை மறந்துவிடலாம். ஆனால் வழிவிடத் தவறியதற்காக அல்லாமல், நேர்மையற்று நடந்ததற்காக ஒருவனை நீக்கினால், அந்த ஓட்டத்தைத் தள்ள முடியாது. கடைசிவரை கணக்கில் நிற்கும். மோதலை மறக்கலாம், மோசடியை மறக்கக் கூடாது. நம் வீடுகளில் இதை அப்படியே தலைகீழாக வைத்திருக்கிறோம் என்று எனக்குப் பட்டது. உடைந்த சிம்னியை ஐம்பது வருஷம் ஞாபகம் வைத்திருக்கிறோம்; மூடி மறைத்தவனைப் 'பிழைக்கத் தெரிந்த பிள்ளை' என்கிறோம்.

தவறுக்கு மட்டுமல்ல, நன்மைக்கும் அவர்கள் கணக்கு முடித்துவிடுகிறார்கள். முதல் விதியே, ஆபத்தில் இருப்பவருக்கு முடிந்த உதவியெல்லாம் செய்ய வேண்டும் என்பது. அப்படி உதவப் போய் ஒருவன் பின்தங்கினால், நடுவர்கள் அவனுக்கு நிவாரணமாக நியாயமான இடத்தைக் கொடுக்கலாம். இதற்குப் பெயர்பெற்ற உதாரணம் 1988 சியோல் ஒலிம்பிக்ஸில் நடந்தது. படகோட்டம் பூசான் துறைமுக நகரில். கனடாவைச் சேர்ந்த லாரன்ஸ் லெமியூ தனியாள் படகில் இரண்டாவதாகப் போய்க்கொண்டிருந்தார். காற்று வெறிபிடித்து வீசிற்று. பக்கத்தில் வேறொரு பந்தயத்தில் இருந்த சிங்கப்பூர்க்காரர் இருவரின் படகு கவிழ்ந்து அவர்கள் தண்ணீரில் தத்தளித்தார்கள். லெமியூ படகைத் திருப்பினார். இருவரையும் காப்பாற்றி, மீட்புப் படகு வந்து ஏற்றிக்கொள்ளும்வரை காத்திருந்துவிட்டுப் பந்தயத்தைத் தொடர்ந்தார். மிகவும் பின்னால்தான் வர முடிந்தது. நடுவர்கள் அவருக்கு அந்த ஓட்டத்தில் இரண்டாவது இடத்தையே கொடுத்தார்கள். ஆனாலும் எல்லா ஓட்டங்களையும் கூட்டிப் பார்த்தபோது 11ஆவது இடம்தான். பந்தயப் பதக்கம் கிடைக்கவில்லை. விளையாட்டுப் பண்புக்காகப் பியர் டி கூபர்டின் பதக்கம் கொடுத்துக் கௌரவித்தார்கள்.

இடத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் அது தியாகமாகுமா என்று கேட்பவர்கள் உண்டு. பலனை எதிர்பாராமல் செய்வதே செயல் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். பூசான் கடலில் அந்த மனிதர் விதிப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டா படகைத் திருப்பியிருப்பார்? இடத்தைத் திருப்பிக் கொடுப்பதால் நல்லவனின் நன்மை குறைவதில்லை. தயங்குகிறவனின் சாக்குத்தான் குறைகிறது. இன்னொரு லாபமும் உண்டு, எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது. இடம் கிடைத்துவிட்டதால், காப்பாற்றப்பட்டவர்கள்மேல் கடன் இல்லை. "உன்னால்தான் என் பந்தயம் போயிற்று" என்று ஆயுசு முழுவதும் சொல்லிக் காட்ட இடமில்லை. நம்மில் எத்தனை தாய் தகப்பன்கள் பிள்ளைக்காகப் பட்டினி கிடந்ததை, நகை விற்றதை, தீபாவளிக்குத் தீபாவளி எடுத்து வைக்கிறோம்! செய்தது உண்மை, அன்பும் உண்மை. ஆனால் கணக்கு முடிவதில்லை. தவறும் முடியாது, தியாகமும் முடியாது. இந்த இரண்டு வட்டிக்கும் நடுவில் ஒரு பிள்ளை வளர வேண்டியிருக்கிறது.

ஊராரைச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். 1997இல் என் மகன் எஞ்சினீயரிங் கல்லூரியில் இரண்டாம் வருஷம். தினம் காலை ஏழரைக்குச் சாப்பாட்டு டப்பாவோடு கிளம்புவான். மாலை ஆறுக்கு வருவான். எட்டு மாதம் கழித்து ஒரு கடிதம் வந்து, அவன் கல்லூரிக்கே போகவில்லை என்று தெரிந்தது. முதல் வருஷத்தில் பல பாடங்கள் போய்விட்டன, படிப்பும் பிடிக்கவில்லை, நின்றுவிட்டான். பகலெல்லாம் நூல்நிலையத்திலும் கடற்கரையிலும் கழித்திருக்கிறான். எட்டு மாதம்! மெரினாவில் எந்த மரத்தடியில் உட்கார்ந்து அந்த டப்பாவைத் திறந்து சாப்பிட்டானோ. நான் கத்தினேன். "ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? நான் என்ன புலியா?" என்றேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். பதில் சொன்னவள் என் மனைவி. சமையல்கட்டிலிருந்து வராமலேயே சொன்னாள்: "ஏழாம் வகுப்புல கணக்குல தோத்ததை நீங்க இன்னும் சொல்லிட்டிருக்கீங்க."

அப்போது எனக்கு அது அநியாயமான பேச்சாகப் பட்டது. புலியா என்று கேட்டேனே ஒழிய, அவன் என்னிடம் பயந்தது உறுமலுக்கு அல்ல என்று புரிந்துகொள்ளவில்லை. ஏழாம் வகுப்புக் கணக்கை ஏழு வருஷம் சொல்லுகிற தகப்பன், கல்லூரியை எத்தனை வருஷம் சொல்லுவான் என்று அவன் கணக்குப் போட்டிருக்கிறான். கணக்கில் தோற்ற பிள்ளைதான். இந்தக் கணக்கைச் சரியாகத்தான் போட்டிருக்கிறான். இப்போது அவன் வேறு தொழிலில் நன்றாகவே இருக்கிறான். அவனிடம் இதைப் பற்றி நான் பேசியதில்லை. மன்னிப்புக் கேட்பது தகப்பன்மாருக்கு வராத வித்தை.

வீடு படகுப் பந்தயம் அல்ல என்று எனக்கும் தெரியும். இரண்டு சுற்றில் தீர்ந்துவிடாத காரியங்கள் மனிதர்களுக்குள் இருக்கின்றன. எட்டு மாதப் பொய்க்கு எத்தனை சுற்று என்று எந்தப் புத்தகம் சொல்லும்? நம்பினவளைக் கைவிட்டவன் எங்கே போய்ச் சுற்றுவான்? அளந்து கொடுக்கிற தண்டனை அளக்கக்கூடிய தவறுகளுக்குத்தான். அளக்க முடியாதவை சில உண்டு. அவற்றைச் சுமந்துகொண்டுதான் போக வேண்டும்போலிருக்கிறது. ஆனால் நாம் செய்கிற தவறுகளில் நூற்றுக்குத் தொண்ணூறு சிம்னிகள்தாமே? அவற்றுக்காவது ஓர் அளவு வைத்திருந்தால், பெரியவை வரும்போது பிள்ளைகள் நம்மிடம் வந்து சொல்லத் துணிந்திருப்பார்களோ என்று இந்த வயதில், சிமெண்டுத் திட்டில் உட்கார்ந்துகொண்டு, யோசித்தேன். யோசனைக்குப் பஞ்சமில்லாத வயது இது.

பரிசு எங்கள் பையனுக்கு வரவில்லை. ஒன்பதாவது இடமோ பத்தாவதோ. சாயங்காலம் பலகையில் தன் எண்ணுக்கு நேரே குறி போட்டுவிட்டு வந்து, காரின் பின்சீட்டில் ஈரத்துணி மூட்டைமேல் தலையை வைத்துத் தூங்கிவிட்டான். தண்ணீர் இறைக்கிற குவளையைக் கையிலிருந்து விடவில்லை. துறைமுக வாசலைத் தாண்டி ராஜாஜி சாலையில் திரும்பினதுமே தகப்பன் ஆரம்பித்தான்.

"அந்தப் பதினொரு படகு மட்டும் இல்லேன்னா, பெரியப்பா..."

"அவன்தான் சுத்திட்டானேடா. விடு" என்றேன்.

"சரி பெரியப்பா" என்றான்.

சென்ட்ரல் சிக்னலில் சிவப்பு விளக்கு. வண்டி நின்றது. கண்ணாடியில் பிள்ளையை ஒரு தடவை பார்த்துக்கொண்டான்.

"இருந்தாலும், அந்தப் பொண்ணு பார்க்கவே இல்லையே!" என்றான்.